பூசாமல் விட வேண்டிய இடங்கள்

பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கியவர்களில் நிறையப் பேருக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்துவிடும். சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு நடுவே தெரிகிற துருப்பிடித்த பிரேக் காலிப்பருக்கு நல்ல சிவப்பில் பெயின்ட் அடித்துவிட வேண்டும். நியாயமான ஆசைதான். வீட்டு வாசலில் வைத்தே செய்துவிடலாம், நான்கு காலிப்பருக்கும் சேர்த்து ஒரு சின்ன டப்பா போதும். ஆனால் பிரஷ்ஷைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு டீ குடிக்கிற நேரம் உட்கார்ந்து பேசிவிடுவோம். கதவிலும் பம்பரிலும் பெயின்ட் சரியாக வராவிட்டால் பார்க்க நன்றாயிராது, அவ்வளவுதான். காலிப்பரில் தப்பான இடத்தில் பெயின்ட் ஏறினால் பிரேக் கெடும்.

இந்தக் கார் 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் முதன்முதலாக வெளியே வந்தது. இரண்டு பேர் உட்காரலாம், கூரையை மடித்துப் போடலாம், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. 2016-இல் பத்து லட்சமாவது கார் தயாரானது. பிரிட்டனில் முதல் தலைமுறைக் கார்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அங்கே குளிர்காலத்தில் சாலை உறையாமலிருக்க உப்பு தூவுகிறார்கள். இந்தக் காரின் காலிப்பர் வார்ப்பிரும்பு. உப்புத் தண்ணீரில் நனைந்து நனைந்து சில குளிர்காலங்களிலேயே அது பழுப்பேறிவிடும். அதன் 14 அங்குல அலாய் சக்கரத்தில் ஏழு ஆரக்கால்கள்தான், நடுவே தாராளமான இடைவெளி. உள்ளே என்ன இருக்கிறதோ அது அப்படியே வெளியே தெரியும்.

காலிப்பர் என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டு டிஸ்க். அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பேட். இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் கவ்விதான் காலிப்பர். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தம் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும். எம்எக்ஸ்-5 முதல் தலைமுறையில் ஒரு காலிப்பருக்கு ஒரே ஒரு பிஸ்டன், அதுவும் உள்பக்கத்தில் மட்டும். அப்படியானால் வெளிப்பக்கத்துப் பேடை அழுத்துவது யார்? காலிப்பரின் உடம்பேதான். அது வழுக்கி நகரும் ஊசிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஸ்லைடு பின் என்பார்கள். பிஸ்டன் ஒரு பக்கம் தள்ளும்போது உடம்பு எதிர்ப்பக்கம் நகர்ந்து, வெளிப் பேடை இழுத்து வந்து டிஸ்க்கோடு சேர்க்கும். கண்ணுக்கே தெரியாத சிறு நகர்வு. அது தடைப்பட்டால் ஒரு பேட் மட்டும் தேயும், டிஸ்க் சூடாகும், பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பெயின்ட் அடிக்கிறேன் என்று நாம் கெடுத்துவிடக்கூடியது இந்த நகர்வைத்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் எங்கே பூசலாம், எங்கே கூடாது என்பது பாதி விளங்கிவிடும்.

அடுத்தது சூடு. ஓட்டுபவரோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 386 கிலோஜூல். அழுத்திப் பிரேக் பிடித்து நிறுத்தினால் மூன்று நான்கு வினாடியில் அதில் பெரும்பகுதி டிஸ்க்கிலும் பேடிலும் வெப்பமாக இறங்கும். டீக்கு அடுப்பில் வைத்தால் ஒரு லிட்டருக்கும் சற்று மேலான தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும் வெப்பம் அது. நான்கு சக்கரத்துக்கும் அது பிரிந்து போகிறது என்றாலும், பிரேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்னால் சாய்வதால் முன் சக்கரங்களுக்கே அதிகப் பங்கு. மலைப்பாதை இறக்கத்தில் இது திரும்பத் திரும்ப நடக்கும், டிஸ்க் சில நூறு டிகிரிக்குப் போய்விடும். காலிப்பர் அவ்வளவு சூடாவதில்லை. ஆனால் சாதாரண ஸ்ப்ரே பெயின்ட் தாங்கும் சூட்டை அது சுலபமாகத் தாண்டிவிடும்.

அதனால்தான் காலிப்பருக்கென்று தனி பெயின்ட் விற்கிறார்கள். சில டப்பாக்களில் 900 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 480 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்று போட்டிருக்கும். சூட்டைத் தாங்கினால் மட்டும் போதாது, பிரேக் ஆயிலையும் தாங்க வேண்டும். டாட் 3, டாட் 4, டாட் 5.1 என்று வருபவை எல்லாம் கிளைகால் ஈதர் வகை. சாதாரண பெயின்டின் மேல் ஒரு சொட்டு பட்டாலும் இளக்கிக் கிளப்பிவிடும். வீட்டில் மிச்சமிருக்கும் கேட் பெயின்டையோ கார் பாடி பெயின்டையோ காலிப்பரில் அடிக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் பதில். சில மாதங்களில் அது மஞ்சளித்து, கொப்புளித்து, செதில் செதிலாக உரியும். அதைச் சுரண்டி எடுப்பது முதலில் அடித்ததைவிடப் பெரிய வேலை.

பெயின்ட் அடித்தால் பிரேக் நன்றாகப் பிடிக்குமா, சூடு குறையுமா என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டும் நடக்காது. சூட்டை வெளியேற்றுவது பெரும்பாலும் டிஸ்க்கைச் சுற்றி ஓடும் காற்று. 1.6 லிட்டர் எம்எக்ஸ்-5 காரின் முன் டிஸ்க் 235 மில்லிமீட்டர் விட்டம், இரண்டு தகடுகளுக்கு நடுவே காற்று புகுந்து போக வழி வைத்த வகை. பின் டிஸ்க் 231 மில்லிமீட்டர், ஒற்றைத் தகடு. சூட்டைப் பார்த்துக்கொள்வது இந்த அமைப்புதான். பெயின்டால் கிடைப்பவை இரண்டு. துரு தாமதமாகும், பார்க்க அழகாயிருக்கும். அழகுக்காக மட்டுமே அடிக்கிறேன் என்று சொல்பவரிடமும் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. விரும்பி வாங்கிய காரை நிறுத்திவிட்டு நாலடி நடந்து திரும்பிப் பார்க்கிற சந்தோஷம் உண்மையானது.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. போர்ஷே கார்களில் காலிப்பரின் நிறமே ஒரு தகவல். பொதுவாக அடிப்படை மாடல்களுக்குக் கறுப்பு, வேகம் கூடியவற்றுக்குச் சிவப்பு, செராமிக் டிஸ்க் போட்டவற்றுக்கு மஞ்சள். 2001-இல் வந்த 911 ஜிடி2 அந்த டிஸ்க்கோடுதான் வந்தது. 918 ஸ்பைடர் போன்ற ஹைப்ரிட் கார்களுக்குப் பளிச்சென்ற பச்சை. 2017-இல் கையென் காரோடு அறிமுகமான, டங்ஸ்டன் கார்பைடு பூசிய டிஸ்க்குக்கு வெள்ளை. இரும்பு டிஸ்க் போட்ட போர்ஷேயின் காலிப்பருக்கு யாராவது மஞ்சள் அடித்தால், அடுத்து அந்தக் காரை வாங்க வருபவர் அதில் இல்லாத ஒன்று இருப்பதாக நினைத்துவிடுவார். அது எனக்குப் பிடிக்காத காரியம். எம்எக்ஸ்-5 காரில் இப்படி எந்தக் கணக்கும் இல்லை என்பதால் எந்த நிறமும் அடிக்கலாம். ஒற்றைப் பிஸ்டன் காலிப்பரின் மேல் பிரெம்போ ஸ்டிக்கரை ஒட்டுவது மட்டும் வேண்டாம். 1961-இல் இத்தாலியின் பெர்காமோ அருகே தொடங்கி, 1975-இல் ஃபெராரியின் ஃபார்முலா 1 கார்களுக்குப் பிரேக் கொடுக்க ஆரம்பித்த நிறுவனம் அது. அந்தப் பெயருக்குப் பின்னால் உழைப்பு இருக்கிறது. உங்கள் காலிப்பர் மாஸ்டாவுடையது, அதற்கும் அதன் மரியாதை உண்டு. என் விருப்பத்தைக் கேட்டால் அடர் சிவப்பு அல்லது மங்கலான கறுப்பு. வெளிர் நிறங்கள் சூட்டில் சீக்கிரம் பழுப்பேறும், பேட் தூசியும் அவற்றில்தான் எடுப்பாகத் தெரியும்.

பெயின்ட் வேலையைத் தவிர்க்க, காலிப்பரின் மேல் மாட்டிவிடும் மூடிகளை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். கிளிப்பிலும் பசையிலும் நிற்கும் ஒரு பொருளைச் சக்கரத்துக்குள், சுழலும் பாகத்துக்கு விரலளவு தூரத்தில் வைப்பது எனக்குச் சம்மதமில்லை. கழன்றால் ஆரக்காலில் சிக்கும். கழலாவிட்டாலும் காற்றை மறிக்கும், அடியில் ஆயில் கசிந்தாலும் காட்டாது.

இனி வேலைக்கு வருவோம். கெட்டியான சமதரை வேண்டும். புல்தரை, சரிவான வாசல் இரண்டும் ஆகாது. நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கி போடுங்கள். தூக்கியதும் ஸ்டாண்டு வைத்து, காரை அதன் மேல் இறக்குங்கள். ஜாக்கி தூக்குவதற்கான கருவி, அதை மட்டும் நம்பி ஒரு கையைக்கூட உள்ளே விடக் கூடாது. தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பின் பக்கம் தூக்கும்போது இது இன்னும் முக்கியம். இந்தக் காரின் ஹேண்ட் பிரேக் பின் காலிப்பரிலேயே இருக்கிறது, நாம் கழற்றப்போவதும் அதைத்தான். முன் பக்கத்தை முழுதாக முடித்துவிட்டுப் பின் பக்கம் போகலாம். இரண்டிலும் இடது, வலது காலிப்பர்களை ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். கழற்றாமல் விட்ட பக்கம், திரும்ப மாட்டும்போது எது எங்கே என்று பார்த்துக்கொள்ள உதவும்.

பிரேக் தூசியை வாயாலும் ஊதாதீர்கள், காற்றுக் குழாயாலும் ஊதாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பேடுகள் ஒரு காலத்தில் சர்வசாதாரணம். பழைய காரில் யார் எப்போது எதை மாட்டினார்கள் என்று சொல்ல முடியாது. சோப்புத் தண்ணீரிலோ பிரேக் கிளீனரிலோ நனைத்து, ஈரத்தோடு துடைத்தெடுங்கள். துடைத்த துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். பிரேக் கிளீனரில் பல வகை சட்டென்று தீப்பிடிக்கும். திறந்த வெளியில், கையுறையோடு, சிகரெட்டும் வெல்டிங்கும் பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டிய வேலை.

காலிப்பரை முழுதாகக் கழற்றிக் கையில் எடுத்துச் செய்வதா, காரிலேயே விட்டுச் செய்வதா? முதல்முறை செய்கிறவருக்கு நான் சொல்வது: போல்ட்டைக் கழற்றி டிஸ்க்கைவிட்டு வெளியே எடுங்கள், ஆனால் ஆயில் வரும் ஹோஸைக் கழற்றாதீர்கள். ஹோஸைக் கழற்றினால் உள்ளே காற்று புகும், பிறகு ஏர் எடுக்க வேண்டும், வேலை இரட்டிப்பாகும். வெளியே எடுத்த காலிப்பரை ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். அதன் எடை ஹோஸில் தொங்கக் கூடாது, உள்ளே நரம்பு அறுந்தாலும் வெளியே தெரியாது. பின் பக்கத்தில் ஹேண்ட் பிரேக் கேபிளையும் கழற்ற வேண்டியிருக்கும். இந்த நேரத்தில் யாரும் பிரேக் பெடலை மிதிக்கக் கூடாது. எதிரே டிஸ்க் இல்லாததால் பிஸ்டன் வெளியே வந்து விழும். காரின் கதவைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வது நல்லது.

அடுத்து கம்பி பிரஷ், உப்புத்தாள், பொறுமை. உதிர்கிற துரு எல்லாம் போக வேண்டும். ஒட்டிப்பிடித்த கறை கொஞ்சம் இருந்தால் பாதகமில்லை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறையின் பக்கம் கம்பி பிரஷ் போகவே கூடாது. தேய்த்து முடித்ததும் மறுபடி பிரேக் கிளீனரால் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் கறுப்பு வருகிற வரைக்கும் வேலை முடியவில்லை என்று அர்த்தம். காலிப்பர் பெயின்ட் உரிகிறது என்று குறைப்படுகிறவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் அடியில் விட்ட பிசுக்குதான் காரணமாக இருக்கும்.

சுத்தமான பிறகு, பெயின்ட் டப்பாவைத் திறக்காமல், கையில் ஒரு டார்ச்சோடு உட்காருங்கள். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். அழுக்கில் மறைந்திருந்ததெல்லாம் இப்போது தெரியும். ரப்பர் உறை எங்காவது கிழிந்திருக்கிறதா? கிழிந்தால் தண்ணீர் போய்ப் பிஸ்டன் துருவேறும், ஒருநாள் இறுகி நின்றுவிடும். உறையின் விளிம்பில் ஈரம் இருக்கிறதா? இருந்தால் உள்ளே சீல் போய்விட்டது, ஆயில் கசிகிறது. ஸ்லைடு பின்னை விரலால் தள்ளிப் பாருங்கள், வெண்ணெயாக நகர வேண்டும். ஹோஸை லேசாக வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் மாற்ற வேண்டும். பேடில் எவ்வளவு மிச்சம்? பிரிட்டனின் ஆண்டுச் சோதனையான எம்ஓடியில் 1.5 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த பேட் தேறாது. அதுவரை காத்திருக்காமல் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது என் வழக்கம். உள் பேடும் வெளிப் பேடும் வெவ்வேறு அளவில் தேய்ந்திருந்தால், மேலே சொன்ன நகர்வு எங்கோ தடைப்படுகிறது. டிஸ்க் எவ்வளவு தேயலாம் என்ற அளவைப் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பெயின்ட் ஒரு வாரம் பொறுக்கும்.

எல்லாம் சரி என்றால் மாஸ்கிங் டேப். பெயின்ட் அடிப்பதைவிட இதற்கே அதிக நேரம் ஆகும், ஆகவும் வேண்டும். பிஸ்டன், அதன் ரப்பர் உறை, ஸ்லைடு பின்களின் ரப்பர், ஹோஸ், அது காலிப்பரில் சேரும் இடம் எல்லாவற்றையும் மூடுங்கள். ஏர் எடுக்கும் நிப்பிளின் மேல் பெயின்ட் கெட்டியாகப் படிந்தால், அடுத்த முறை ஆயில் மாற்றும்போது ஸ்பேனர் பிடிக்காது, வழுக்கி முனை மழுங்கும். பேட் உட்கார்ந்து நகரும் மேடைகளில் பெயின்ட் ஏறினால் இடைவெளி குறைந்து பேட் இறுகும். டிஸ்க் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட் அச்சுப் பாகத்தோடு போல்ட் போட்டுச் சேரும் முகம். இரும்பும் இரும்பும் நேராக முட்டிக்கொண்டிருந்தால்தான் போல்ட்டின் இறுக்கம் நிற்கும். நடுவே பெயின்ட் இருந்தால் சூட்டிலும் அழுத்தத்திலும் அது நசுங்கி மெலியும், மெலிந்த அளவுக்குப் போல்ட் தளரும். சக்கரம் வந்து உட்காரும் முகத்துக்கும் இதே காரணம்தான். டிஸ்க்கின் உரசும் பரப்பைச் சொல்லவே வேண்டாம், பிளாஸ்டிக் தாளால் முழுதாகச் சுற்றிவிடுங்கள். போல்ட் மரைகள் வெறுமையாகவே இருக்கட்டும். கடைசியில் பெயின்ட் படவேண்டியது காலிப்பரின் வெளி உடம்பும் பிராக்கெட்டின் தெரிகிற பக்கமும் மட்டும்தான்.

வீட்டில் செய்ய நான் பிரஷ்ஷையே சொல்வேன். ஸ்ப்ரே மென்மையாக வரும், ஆனால் பக்கத்திலுள்ள எல்லாவற்றிலும் படியும். பிரஷ்ஷால் அடிக்கும் காலிப்பர் பெயின்டுகள் பல தானாகவே பரவி, கோடு தெரியாமல் சமமாகிவிடும். கெட்டிப்படுத்தும் திரவம் கலக்கும் இரண்டு பாக வகையானால், கலந்த பின் குறிப்பிட்ட நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், அதனால் அளவாகக் கலக்குங்கள். ஐசோசயனேட் உள்ள வகை என்று டப்பாவில் போட்டிருந்தால் அதை வீட்டில் ஸ்ப்ரேயாக அடிக்காதீர்கள். சாதாரண முகமூடி அதற்குப் போதாது. மெல்லிய கோட்டாக அடித்து, டப்பாவில் சொன்ன இடைவெளி விட்டு அடுத்த கோட். இரண்டு அல்லது மூன்று கோட் போதும். ஒரே கோட்டில் கனமாக அடித்தால் வழியும், மேலே காய்ந்தும் உள்ளே காயாமல் கிடக்கும். மழைநாளிலும், காற்றில் ஈரம் அதிகமுள்ள நாளிலும் தொடங்க வேண்டாம். டேப்பை பெயின்ட் முழுதாக இறுகுவதற்குள் எடுத்துவிட்டால் ஓரம் சுத்தமாக வரும்.

காய ஒரு முழு நாள் விடுங்கள். பவுடர் கோட்டிங் இதைவிட உறுதியானது என்பது உண்மை. ஆனால் அதற்கு 200 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில் சுட வேண்டும், ரப்பர் சீல்களை எல்லாம் கழற்ற வேண்டும். அது பட்டறை வேலை.

மாட்டும்போது ஸ்லைடு பின்களுக்குப் பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பவைத்து, நகர வேண்டியதை நிறுத்திவிடும். பேடிலும் டிஸ்க்கிலும் எந்தக் கிரீஸும் படக் கூடாது. புதுப் பேட் போடுவதானால் முன் பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளலாம். அப்போது மேலே ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும், வழிந்து பாடியில் விழுந்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பின் பிஸ்டனை அப்படித் தள்ளக் கூடாது. காலிப்பரின் பின்னால் ஒரு மூடி போல்ட் இருக்கும், அதைக் கழற்றினால் உள்ளே 4 மில்லிமீட்டர் ஆலன் கீ நுழையும். இடமாகச் சுற்றினால் பிஸ்டன் உள்ளே போகும். பேட் போட்டதும் வலமாகச் சுற்றி டிஸ்க்கைத் தொடவைத்து, மறுபடி இடமாக மூன்றில் ஒரு சுற்று திருப்பிவிட வேண்டும். காலிப்பர் போல்ட்டுகளை அந்தக் காரின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். சக்கர நட்டுக்கு 89 முதல் 117 நியூட்டன் மீட்டர்.

காரை நகர்த்தும் முன் பிரேக் பெடலை, கெட்டியாகும் வரை, திரும்பத் திரும்ப மிதியுங்கள். பிஸ்டன்கள் பின்வாங்கியிருக்கும்போது முதல் மிதிக்குப் பெடல் நேராகத் தரைக்குப் போய்விடும். இதை மறந்து காரை எடுத்தவர்கள் எதிர்ச் சுவரில்தான் நிறுத்துகிறார்கள். ஆயில் மட்டத்தையும் பார்த்துவிட்டு, வாசலிலேயே நடை வேகத்தில் சில தடவை பிடித்துப் பாருங்கள். பிறகு தெரு, பிறகு சாலை.

முதல் சில ஓட்டங்களில் லேசான பெயின்ட் வாசனை வரும், சூட்டில் அது இறுகுகிறது. நின்றதும் நான்கு சக்கரங்களுக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவு சுட வேண்டும், பின் சக்கரங்கள் இரண்டும் அப்படியே. ஒரு பக்கம் மட்டும் அதிகமாகச் சுட்டால், அல்லது வாசனை அந்தப் பக்கத்திலிருந்தே விடாமல் வந்தால், அந்தக் காலிப்பரை மறுபடி கழற்றுங்கள். பேட் மேடையில் பெயின்ட் ஏறியிருக்கிறதா, ஸ்லைடு பின் நகர்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் சுரண்டி, துடைத்து, மாட்டிவிட்டு, பெடலை மறுபடியும் கெட்டியாகும்வரை மிதித்த பிறகே காரை எடுங்கள்.